போத்தலில் இல்லாத மணம்

பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையாக அமைந்ததா, அன்றிப் பூவும் புகையும் சாந்தும் ஊட்டுவதால் வந்ததா? பாண்டிய மன்னன் ஒருவனுக்கு எழுந்த இந்த ஐயத்தை அறியாத தமிழ் மாணவர் இல்லை. ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கு அவன் பொற்கிழி தொங்கவிட்டான். இறைவன் பாடிக்கொடுத்த பாடலைத் தருமி சபைக்குக் கொண்டு சென்றான். நக்கீரர் அதில் பொருட்குற்றம் கண்டார். கூந்தலின் மணம் பூவினால் வருவதே, தேவமகளிர்க்கும் உமையம்மைக்கும் அதுவே விதி என்று நெற்றிக்கண்ணுக்கு முன்னும் சொல் மாறாது நின்றார். குறுந்தொகையின் இரண்டாம் பாடலைச் சூழ எழுந்த இக்கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துக் கூறுகிறது.

புலமையின் அஞ்சாமைக்கு உதாரணமாகவே இக்கதையை நாம் வகுப்பறைகளில் எடுத்துச் சொல்வதுண்டு. இன்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது அதன் கேள்வியை மட்டுமே. மணம் ஆளுக்கு உரியதா, பூசும் பொருளுக்கு உரியதா? பொருளுக்கே உரியது என்றார் நக்கீரர். கடந்த நூற்றைம்பது ஆண்டு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த வாசனைத் திரவியத் தொழிலோ இதற்கு மாறான விடையை விற்று வந்திருக்கிறது. இந்தப் போத்தலில் இருப்பது உன்னுடைய இயல்பு, நீ யார் என்பதை இது ஊருக்குச் சொல்லும் என்பதே அவ்விடை. அது எவ்வாறு உருவாயிற்று, எவரெவரைக் குறிவைத்தது என்பதைச் சில உதாரணங்கள் கொண்டு நோக்குவோம்.

இலக்கியத் தொடரில் விளம்பரத்துக்கு என்ன இடம் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். புடைவையின் நிறத்தைப் படத்தில் காட்டலாம். வானொலிப் பெட்டியை முடுக்கிக் கேட்பித்து விற்கலாம். மணத்தை அச்சிலே காட்டவோ ஒலியாக அனுப்பவோ வழியில்லை. 1980களில் அமெரிக்கச் சஞ்சிகைகளில் மணம் தடவிய மடிப்புத்தாள்களை ஒட்டி அனுப்பிப் பார்த்தார்கள். மற்றப்படி இத்தொழில் என்றும் சொல்லையும் படத்தையுமே நம்பி நின்றது. ஆகவே வாசனை விளம்பரம் உவமையாலும் உருவகத்தாலும் குறிப்புப் பொருளாலும் ஆன ஒன்று. இலக்கியம் படித்தவர்களுக்கு அதை வாசித்தறியும் பயிற்சி ஏற்கெனவே உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மணப்பொருள்கள் பூவிலும் பிசினிலும் மரத்திலும் விலங்கிலுமிருந்தே எடுக்கப்பட்டன. அவை அரியன, ஆதலால் வசதி படைத்தோருக்கே உரியன. 1868ஆம் ஆண்டில் வில்லியம் பேர்க்கின் என்ற ஆங்கில இரசாயன அறிஞர் கூமரின் என்ற மணப்பொருளை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். 1874இல் வனிலாவின் மணத்தைத் தரும் வனிலின் ஜேர்மனியரால் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1882இல் பரிஸ் நகரத்து ஹூபிகான் நிலையம் செயற்கைக் கூமரினைக் கலந்து ஒரு திரவியத்தை வெளியிட்டது. அதன் பெயர் 'பூஷேர் றோயால்'. 'அரச பன்னம்' என்பது அதன் பொருள். பன்னச் செடிக்குச் சொல்லத்தக்க வாசனை எதுவும் கிடையாது. இல்லாத மணத்துக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. மக்கள் அதை முகர்ந்து, பன்னத்தின் மணம் இதுவென ஏற்றுக்கொண்டனர். பொருளுக்கு முன்பே சொல் மணக்கத் தொடங்கிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செயற்கைப் பொருள்கள் வந்ததும் வாசனையை மலிவாகவும் ஏராளமாகவும் ஆக்க முடிந்தது. எல்லோருக்கும் எட்டக்கூடிய பொருளை ஒருவருக்கே உரியது போலக் காட்டினால்தான் அதற்கு விலை ஏறும். எனவே பெயரும் போத்தலும் கதையும் முக்கியமாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா கொட்டி என்ற வணிகர், கண்ணாடிக் கலைஞரான றெனே லலிக்கைக் கொண்டு போத்தல்கள் செய்வித்தார். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு மதுசாரம்; வெளியே இருப்பது கலைப்பொருள். வாங்குபவர் முதலிற் காண்பது வெளியே இருப்பதைத்தான்.

முதலில் ஆண், பெண் என்ற பாகுபாட்டை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியின் கொலோன் நகரில் பரீனா குடும்பத்தாரின் வணிகநிலையம் 1709இல் தோன்றியது. அவர்கள் ஆக்கிய எலுமிச்சை, தோடை வகைகளின் மணமுள்ள நீரை ஆணும் பெண்ணும் வேறுபாடின்றிப் பூசினர். அவ்வகை நீரை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களுள் மாவீரன் நெப்போலியனும் ஒருவன். அதுவே ஓடிக்கொலோன் என்ற பெயரோடு எங்கள் வீடுகளுக்கும் வந்து, காய்ச்சற்காரரின் நெற்றித் துணியை நனைத்தது. போர்க்களத்துச் சக்கரவர்த்தி பூசியதும் நோயாளியின் நெற்றியைக் குளிர்வித்ததும் ஒரே இனத்து நீர். அந்த நீரில் ஆண்மையும் இல்லை, பெண்மையும் இல்லை.

பழந்தமிழ் உலகிலும் இந்நிலையே காணப்படுகிறது. பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி கூந்தலை நனைத்தாள் என்று சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை சொல்கிறது. அவற்றை அடியார்க்குநல்லார் தம் உரையில் ஒவ்வொன்றாகப் பெயர் கூறி வகுக்கிறார். அதே இலக்கிய மரபில் மன்னரும் தலைவரும் மார்பு நிறையச் சந்தனம் பூசி வருகின்றனர். அதனால் அவர்தம் ஆண்மைக்கு இழுக்கு வந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை.

பிரான்சில் கெர்லான் நிலையம் 1889இல் வெளியிட்ட 'ஜிக்கி' இவ்விடத்தில் நோக்கத்தக்கது. இன்று அது பெண்களுக்கான புகழ்பெற்ற வாசனைகளின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. வெளிவந்த காலத்தில் அதனை முதலில் விரும்பிப் பூசியவர்கள் ஆண்கள். பெண்களிடையே அது பெயர் பெறச் சில காலம் சென்றது. அமெரிக்காவின் 'ஓல்ட் ஸ்பைஸ்' வரலாறோ இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. பாய்க்கப்பல் பொறித்த அந்தப் போத்தலைச் சவரம் செய்யும் ஆண்மகனின் அடையாளமாகவே நாம் அறிவோம். ஷல்ட்டன் கம்பனி 1937இல் அப்பெயரில் முதலில் விற்பனைக்கு விட்டவை பெண்களுக்கான பொருள்கள். அடுத்த ஆண்டிலேயே ஆண்களுக்கானவை வந்தன. பின்னர் கப்பலும் கடலும் சேர்ந்து அதனை ஆணுக்கே உரியதாக்கிவிட்டன. மூக்கு எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது படம்.

அடுத்தது அந்தஸ்து. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து உலகமே வறுமையில் விழுந்த வேளை. பரிசின் உடையலங்கார நிபுணரான ஷோன் பத்து தமது செல்வந்த வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்தார். 1930இல் அவர் வெளியிட்ட திரவியத்துக்கு இட்ட பெயர் 'ஜோய்'. மகிழ்ச்சி என்பது பொருள். உலகிலேயே அதிக விலையுள்ள வாசனை என்று அதனை விளம்பரம் செய்தார்கள். ஓர் அவுன்சுக்குப் பத்தாயிரத்து அறுநூறு மல்லிகைப் பூக்களும் இருபத்தெட்டு டசின் ரோசாப் பூக்களும் செல்வதாகக் கணக்குச் சொன்னார்கள். பொதுவாக வணிகர் விலையைத் தாழ்த்திக் காட்டுவர். இங்கே விலையே புகழுரையாயிற்று. பூசுபவளின் மணத்தை முகர்பவன் உண்மையில் முகர்வது விலைச்சீட்டை. பலரும் வேலையிழந்து நின்ற காலத்தில் இது எடுபட்டது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இதனினும் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. கபிரியேல் ஷனெல் அம்மையார் 1921இல் வெளியிட்ட 'ஷனெல் நம்பர் 5' உலகறிந்தது. அதைக் கலந்து ஆக்கியவர் ஏர்னெஸ்ட் போ. 1924இல் அதனைப் பெருமளவில் ஆக்கி விற்க ஒரு கம்பனி நிறுவப்பட்டபோது அதன் பெரும்பங்கு வேர்தைமர் சகோதரர்களுக்குச் சேர்ந்தது. அவர்கள் ஏற்கெனவே 'பூர்ஷ்வா' என்ற இன்னொரு நிலையத்தின் உரிமையாளர்கள். அந்நிலையத்திலிருந்து 1928இல் நீலப் போத்தலில் ஒரு வாசனை வந்தது. அதுதான் 'ஈவினிங் இன் பரிஸ்'. அதை ஆக்கியவரும் அதே ஏர்னெஸ்ட் போ.

கவனியுங்கள். ஆக்கிய கை ஒன்று; பணம் சேர்ந்த பெட்டியும் ஒன்று. ஒன்று சீமாட்டிகளுக்கு, மற்றது அமெரிக்க மருந்துக் கடைகளில் சில்லறைக் காசு கொடுத்து வாங்கும் தொழிற்பெண்களுக்கு. முதலாவதுக்கு 1937இல் ஷனெல் அம்மையாரே விளம்பரத்தில் தோன்றினார். பரிசின் றிட்ஸ் ஹோட்டலில் தமது இருப்பிடத்தில், கணப்பு மாடத்தின் அருகில் நிற்கும் படம் அது. இரண்டாவதன் விளம்பரங்களில் பரிஸ் ஓர் இரவுக்கனவாகக் காட்டப்பட்டது. அந்நகரில் ஒருபோதும் கால் வைக்கப்போகாதவர்களுக்குத்தான் அந்தக் கனவு விற்கப்பட்டது. மேல்தட்டுக்காரிக்கு அவளுடைய இடத்தை உறுதிப்படுத்தினார்கள். கீழ்த்தட்டுக்காரிக்கு இல்லாத இடத்தை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். திரவியங்கள் இரண்டும் வெவ்வேறானவை என்பது உண்மையே. ஆயினும் அவற்றைப் பூசும் பெண்களுக்கிடையே வரையப்பட்ட கோடு போத்தலுக்குள் இருக்கவில்லை.

மூன்றாவதாக ஆசை. ஆசையைத் தூண்டும் முன் அச்சத்தை ஊட்ட வேண்டும் என்பதை அமெரிக்க விளம்பரக்காரர் விரைவிலேயே கண்டுகொண்டனர். 'ஓடரோனோ' என்ற வியர்வைத் தடுப்பு மருந்து இதற்குச் சான்று. சத்திர சிகிச்சை நிபுணர் ஒருவர் தமது கைவியர்வையைத் தடுக்க ஆக்கிய பொருள் அது. அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மகள். 1919இல் ஒரு பெண்கள் சஞ்சிகையில் அதற்கு வந்த விளம்பரம், பெண்ணின் உடலில் தனக்கே தெரியாத துர்நாற்றம் இருக்கக்கூடும், பிறர் அதை அவளிடம் சொல்லமாட்டார்கள் என்று மென்மையாக எச்சரித்தது. சுமார் இருநூறு வாசகியர் கோபமடைந்து சந்தாவை நிறுத்தினர். ஆனால் மருந்தின் விற்பனை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. கோபித்தவர்களிலும் நாணியவர்களே பலர் என்று கொள்ளலாம்.

தமிழில் 'நாற்றம்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சங்க காலத்திலும் ஆழ்வார் காலத்திலும் அது நறுமணத்தையே குறிக்க வல்லதாயிருந்தது. இன்று யாரையாவது பார்த்து நீங்கள் நாறுகிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்! எது மணம், எது நாற்றம் என்பதில் மூக்குக்கு உள்ள பங்கு பாதிதான். மிகுதிப் பாதியைச் சமுதாயம் வைத்திருக்கிறது. தமிழில் அம்மாற்றம் பல நூற்றாண்டுகளில் மெல்ல நிகழ்ந்தது. விளம்பரத்தால் அதை ஒரு பக்கத்தில் செய்ய முடிகிறது.

அச்சத்தை அடுத்து ஆசை வந்தது. 1932இல் டானா நிலையம் வெளியிட்ட வாசனைக்குத் 'தபு' என்று பெயர். விலக்கப்பட்டது என்பது பொருள். பியானோ வாசிக்கும் பெண்ணை வயலின் கலைஞன் எழுந்து தழுவி முத்தமிடும் ஓர் ஓவியத்தை 1940களிலிருந்து பல ஆண்டுகள் அதன் விளம்பரங்களில் பயன்படுத்தினார்கள். படத்தில் போத்தலே தேவைப்படவில்லை. நடிகை மெரிலின் மன்றோ, உறங்கும்போது என்ன அணிவீர்கள் என்று கேட்ட பத்திரிகையாளர்களுக்கு 'ஷனெல் நம்பர் 5' இன் சில துளிகள் என விடையளித்தது 1950களின் கதை. அது கம்பனி எழுதிக்கொடுத்த வசனம் அன்று. 1960இல் ஒலிப்பதிவான அவருடைய குரலை, அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் 2013இல் கம்பனி விளம்பரமாக ஒலிக்கவிட்டது. ஒரு பெண்ணின் குறும்பான விடை அவள் காலத்துக்குப் பின்னும் விலைபோயிற்று.

ஆசைக்கு இடம் தேடிய இவ்விளம்பரங்கள் அடிக்கடி வந்து சேர்ந்த திசை நமது கீழைத்தேயம். 1925இல் கெர்லான் வெளியிட்ட 'ஷாலிமார்' மொகலாயரின் பூங்காவிலிருந்து பெயரையும், ஷாஜஹான் மும்தாஜ் காதலிலிருந்து கதையையும் எடுத்துக்கொண்டது. 1977இல் இவ் சென் லோறன் நிலையம் தனது திரவியத்துக்கு 'ஓப்பியம்' எனப் பெயரிட்டது. அபினால் சீன மக்கள் பட்ட துன்பமும், அதன்பொருட்டு நிகழ்ந்த போர்களும் வரலாறு. அமெரிக்காவில் அதன் அறிமுக விழாவை 1978இல் நியூயோர்க் துறைமுகத்தில் 'பீக்கிங்' என்ற பழைய கப்பலில் நடத்தினார்கள். சீன அமெரிக்கர் எதிர்ப்புத் தெரிவித்தனர். விற்பனை அதனாலும் கூடியது. வாசனைகளை வகைப்படுத்துவோர் இனிப்பும் பிசினும் கலந்த மணங்களுக்கு நெடுங்காலம் 'கீழைத்தேயம்' என்றே பெயர் வைத்திருந்தனர். அத்துறையின் முக்கியமான கையேடு 2021இல்தான் அப்பெயரைக் கைவிட்டது. கறுவாவும் ஏலமும் விளையும் மண்ணில் வாழும் நாம் அந்தப் போத்தலில் நம்மைக் காணமாட்டோம். அங்கே இருப்பது சோம்பலும் மயக்கமும் மட்டுமே உள்ள ஒரு கற்பனை நாடு.

பெண்ணின் விடுதலையைக்கூட இத்தொழில் விற்கத் தவறவில்லை. அமெரிக்காவில் வாசனைத் திரவியம் நெடுங்காலம் கணவனோ காதலனோ பரிசாகக் கொடுக்கும் பொருளாக இருந்தது. எஸ்தே லோடர் அம்மையார் 1953இல் 'யூத் டியூ'வைக் குளியல் எண்ணெய் என்று சொல்லி விற்றார். குளியற் பொருளைப் பெண் தானே வாங்கலாம். எவருடைய பிறந்தநாட் பரிசுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூடியை முத்திரையிடாமல் விட்டதனால் கடையிலேயே திறந்து முகரவும் முடிந்தது. 1973இல் ரெவ்லோன் கம்பனியின் 'சார்லி' விளம்பரத்தில் காற்சட்டை அணிந்த பெண் ஒருத்தி நீண்ட அடிவைத்துத் தனியே நடந்தாள். வேலைக்குப் போகும் பெண்களின் கையில் சொந்தச் சம்பளம் சேரத் தொடங்கிய காலம் அது. 1994இல் கல்வின் கிளைன் 'சீகே வன்' என்ற ஒரே திரவியத்தை ஆண், பெண் இருபாலாருக்கும் என்று விற்றபோது புதுமை என்றார்கள். நெப்போலியன் காலத்து வழக்கத்துக்குத்தான் உலகம் திரும்பி வந்திருந்தது. நான் இவற்றை வெறும் ஏமாற்று என்று தள்ளமாட்டேன். பெண் தானே வாங்கலாம் என்ற எண்ணம் பரவியதில் நன்மை உண்டு. ஆனால் விடுதலையை விளம்பரம் உண்டாக்கவில்லை. பெண்கள் போராடிப் பெற்றதைப் பின்தொடர்ந்து வந்து அதற்குப் போத்தல் செய்தது.

ஆண்பிள்ளைகளின் பக்கம் நிலைமை வேறு. 1983இல் யூனிலீவர் பிரான்சில் தொடங்கிய 'அக்ஸ்' உடல்வாசனைத் தெளிப்பின் விளம்பரங்கள் பல ஆண்டுகள் ஒரே கதையைச் சொன்னன. இளைஞன் தெளிக்கிறான், பெண்கள் கூட்டமாக ஓடி வருகிறார்கள். சொக்கலேற் மனிதனாக மாறியவனைப் பெண்கள் கடித்துத் தின்னும் அதன் விளம்பரத்தை 2008இல் இந்திய அரசு தடைசெய்தது. 2011இல் அந்நாட்டின் தகவல் ஒலிபரப்பு அமைச்சு இத்தகைய தெளிப்பு விளம்பரங்கள் பலவற்றைக் கண்டித்தது. 2016இல் அக்ஸ் தனது பாதையை மாற்றிக்கொண்டு, ஒவ்வோர் ஆணுக்கும் தனித்தன்மை உண்டு என்று பேசத் தொடங்கியது. கம்பனிக்கு வெட்கம் வந்ததோ வாடிக்கையாளர் சலித்தனரோ, மாற்றம் நல்லதே.

ஆனால் அந்தக் கதை முடிந்துவிடவில்லை. 2022 யூன் மாதத்தில் 'லேயர் ஷொட்' என்ற இந்தியத் தெளிப்பின் விளம்பரம் ஒன்று வந்தது. கடையில் தனியே நிற்கும் பெண்ணின் பின்னால் நான்கு இளைஞர்கள் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார்கள். அவள் நடுங்குகிறாள். பின்னர், அவர்கள் பேசியது தெளிப்புப் போத்தலைப் பற்றி என்று தெரியவருகிறது. கூட்டு வன்புணர்வின் அச்சத்தை நகைச்சுவையாக்கினார்கள். கண்டனம் எழுந்ததும் இந்திய அரசு அதை நீக்குமாறு பணித்தது. கம்பனி மன்னிப்புக் கேட்டது. சமிக்ஞைகளாலும் இணையத்தாலும் எல்லைகள் கரைந்துவிட்ட இக்காலத்தில் பாக்குநீரிணை எந்த விளம்பரத்தையும் தடுக்காது. நமது மாணவரும் இவற்றைப் பார்த்தே வளர்கிறார்கள். பெண் என்பவள் தெளித்தால் வருபவள் என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த பின், வராதவளின் அச்சம் வேடிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. என்னைக் கவலைகொள்ளச் செய்வது இந்த இடம்தான். அந்தஸ்தை விற்கும் விளம்பரம் நமது பணத்தை எடுக்கும். ஆசையை இவ்வாறு விற்கும் விளம்பரம் இன்னொருத்தியின் மதிப்பை எடுத்து நமக்குத் தருவதாகச் சொல்கிறது.

இவ்வளவும் சொல்வதனால் வாசனை பூசுவதே குற்றம் என்று நான் கூறுவதாக நேயர்கள் கொள்ளலாகாது. சந்தனமும் அகிலும் மல்லிகையும் இல்லாமல் தமிழர்க்குத் திருமணம் இல்லை, கோயில் இல்லை, கவிதையும் இல்லை. நறுமணத்தை விரும்புவது மனித இயல்பு. மாதவி நீராடிய நீரை வெறுக்கவேண்டியதில்லை. அந்த நீரைச் சொல்லும்போது இளங்கோவடிகள் அதில் ஊறிய பொருள்களின் தொகையைச் சொல்கிறார். உரையாசிரியர் பெயர்களைச் சொல்கிறார். மணம் எதிலிருந்து வந்தது என்பது அங்கே மறைக்கப்படவில்லை. நம் காலத்து விளம்பரம் மறைப்பது அதைத்தான். பூவையும் மதுசாரத்தையும் ஆய்வுகூடத்தையும் மறைத்துவிட்டு, அழகியையும் மாளிகையையும் நம் முன் நிறுத்துகிறது.

ஆகவே நமது பிள்ளைகளுக்கு விளம்பரத்தைத் தடைசெய்வதைவிட அதை வாசிக்கக் கற்பிப்பதே தக்கது. செய்யுளில் உவமானம் எது, உவமேயம் எது, சொல்லாமல் விட்டது எது என்று கேட்கப் பழக்குகிறோம். அதே கேள்விகளை அரைநிமிட விளம்பரத்திடமும் கேட்கலாம். இந்த மாளிகை போத்தலுக்குள் இருக்கிறதா? இந்தப் பெண் ஏன் ஓடிவருகிறாள்? என்னிடம் என்ன குறை என்று இது சொல்கிறது? நக்கீரர் கடவுளைப் பார்த்தே, இம்மணம் பூவினுடையது என்று சொன்னார். கடையில் விலைச்சீட்டைப் பார்த்து நமது பிள்ளைகள் அதைச் சொல்லப் பழகினால் போதும். அவர்களுக்கு எதிரே நெற்றிக்கண் எதுவும் இல்லை.